முனையில உருண்டை இல்ல

அவளுக்குன்னு ஒரு பேரு இருக்கு, ஆனா எல்லாரும் கூப்பிடறது குதிரைன்னுதான். அண்ணன் வச்சது. மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாண்டுவா, வாய்ல சாப்பாடு இருக்கும்போதே செருப்ப மாட்டுவா, நீங்க கேள்விய கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில சொல்லிட்டு தெருமுனைக்குப் போயிருப்பா.

அப்படிப்பட்டவ போய் சேந்த வேலை எது தெரியுமா? ஆர்கான் வெல்டிங். அவசரப்பட்டா உருப்படவே உருப்படாத வேலை ஒண்ணு இருக்குன்னா அது அதுதான்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் எவர்சில்வர் கைப்பிடிய ஒட்ட வச்சுட்டிருந்தாரு. சத்தம் இல்ல, பொறி தெறிக்கல, புகையும் பெருசா இல்ல. முடிச்சுட்டு எழுந்தாரு, பாத்தா காச அடுக்கி அப்படியே சாய்ச்சு விட்ட மாதிரி ஒரு வரி. வெளிர் தங்க நிறத்துல மின்னுது. இவளுக்கு ரெண்டு பஸ் போச்சு, மூணாவதும் போச்சு. அன்னிக்கே வீட்டுக்கு வந்து, "நான் இதைக் கத்துக்கப் போறேன்"னா.

"தனியா அவ்ளோ தூரம் போகாத"ன்னான் அண்ணன். டயர் கடை வச்சிருக்கான், பகல் முழுக்க கையில கிரீஸ், பேச்சுல நக்கல். "உங்க அண்ணியையும் கூட்டிட்டுப் போ. அவளாவது உன் கடிவாளத்தைப் பிடிச்சுக்குவா."

அண்ணி அப்ப தையல் மெஷின்ல சீட் கவர் தைச்சுட்டிருந்தாங்க. "நானா? எனக்கு அடுப்புல தீக்குச்சி கிழிக்கவே பயம்"னாங்க. ஆனா வந்துட்டாங்க. துணைக்கு வந்தவங்கதான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ஏன்னா குதிரை அதை அடிக்கடி மறந்துட்டா.

பயிற்சி நடக்கற ஷெட்டு ஊருக்கு வெளியில, தகரக் கூரை. வரிசையா இரும்பு டேபிள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெஷின், பக்கத்துல ஆள் உயரத்துக்கு சங்கிலி போட்டுக் கட்டுன கேஸ் சிலிண்டர். மாஸ்டர் முதல் நாளே டார்ச்ச கையில தூக்கிக் காட்டுனாரு. நுனியில பீங்கான் கப்பு, கப்புக்கு நடுவுல பென்சில் மாதிரி சீவுன ஒரு கம்பி. அதான் டங்ஸ்டன். தீ அதோட முனையில இருந்துதான் கிளம்பும். ஆனா அது உருகாது, கரையாது. கரையக் கூடாது. கப்பு வழியா ஆர்கான் கேஸ் வந்து, உருகற இடத்தையும் அந்த முனையையும் போத்தி வச்சிருக்கும். காத்து உள்ள வந்துச்சோ, எவர்சில்வர் கருகிடும், ஓட்டை ஓட்டையா பொரிஞ்சிடும்.

"கேஸ் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. அதனாலதான் எல்லாரும் அதை மறக்கறீங்க"ன்னாரு மாஸ்டர். "இங்க ரூல் ஒண்ணே ஒண்ணு. வேலை முடிஞ்சா சிலிண்டர் வால்வ மூடணும். மூடாம போனவங்க அடுத்த நாள் டார்ச்சத் தொடக் கூடாது. அழுதாலும் கிடையாது."

குதிரைக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் அதிகம் வேணும். மெஷின் பக்கத்துல கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ஒரு சின்ன குண்டு மிதக்கும், கேஸ் எவ்ளோ போகுதுன்னு காட்டறதுக்கு. இவ அந்தக் குண்ட உச்சில கொண்டு போய் ஒட்ட வச்சிருவா. நிறைய போத்துனா நிறைய பாதுகாப்புன்னு நினைப்பு. ஆனா புஸ்ஸுன்னு வேகமா அடிச்சா கேஸு சுழட்டிக்கிட்டு வெளிக்காத்தையும் சேத்து உள்ள இழுத்துட்டு வந்துரும். மாஸ்டர் போற போக்குல குண்டைக் கீழ இறக்குவாரு, அவரு அந்தப் பக்கம் போனதும் இவ மேல ஏத்துவா.

"ஏண்டி, கேஸு என்ன உங்க அண்ணன் கடை காத்தா? ஃப்ரீயா அடிக்கறதுக்கு"ன்னு அண்ணி கேப்பாங்க.

டங்ஸ்டன் விஷயத்துல இன்னும் மோசம். பழகறப்ப எல்லாருக்கும் நடக்கறதுதான், கை கொஞ்சம் தாழ்ந்தா முனை போய் உருகுன குழம்புல முட்டிடும். முட்டுனா அவ்ளோதான், முனையில வெள்ளியா ஒரு உருண்டை ஒட்டிக்கும். கோணல் மூக்கு மாதிரி. அதோட மேற்கொண்டு வெல்டிங் ஓட்டவே கூடாது. கழட்டணும், உருண்டைய உடைச்சுப் போடணும், சாணைக்கல்லுல திரும்ப சீவணும். சீவறதுலயும் கணக்கு இருக்கு. கம்பிய குறுக்க வச்சு உருட்டக் கூடாது, நீளவாக்குல பிடிக்கணும், கீறல் எல்லாம் முனைய நோக்கி ஓடணும். மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கணும், அந்தப் பொடி நல்லதில்ல.

ஷெட்டுல யாராவது சாணைக்கல்லுகிட்ட போனாலே கண்ணாடி குரல் குடுப்பான். அவனும் படிக்க வந்தவன்தான், சோடா புட்டி கண்ணாடி, அதான் பேரு. "வாங்க வாங்க, மறுபடியும் முத்தம் குடுத்துட்டீங்களா?"

"உன் கண்ணாடிய ஒரு நாள் சாணைக்கல்லுல பிடிக்கறேன் பாரு"ன்னு குதிரை கத்துவா. நாளைக்கு ஏழெட்டு தடவையாவது அந்தக் கல்லுகிட்ட போயிட்டு வருவா.

அண்ணி? அண்ணி போகவே மாட்டாங்க. இருமல் மிட்டாய் டப்பா ஒண்ணு வச்சிருந்தாங்க, உள்ள அட்டை வெட்டி ரெண்டு அறையா பிரிச்சு. ஒரு பக்கம் சீவுன டங்ஸ்டன், எல்லா முனையும் ஒரே திசையில, துணி மேல படுக்க வச்சிருக்கும். இன்னொரு பக்கம் சீவ வேண்டியது. பெரும்பாலும் அந்தப் பக்கம் காலியாதான் இருக்கும். அப்புறம் இன்னொரு பழக்கம். தீ அணைஞ்சதும் குதிரை டார்ச்ச வெடுக்குன்னு தூக்கிருவா, ஹெல்மெட்டக் கழட்டி எப்படி வந்திருக்குன்னு பாக்கணும்ல! அண்ணி தூக்க மாட்டாங்க. தீ போன பிறகும் கொஞ்ச நேரம் கேஸ் வரும், அது வந்து நிக்கற வரைக்கும் கைய அப்படியே வச்சிருப்பாங்க. சூடு ஆறுற வரைக்கும் போத்தி வைக்கணும்ல. அதனால அவங்க முனை எப்பவும் பளபளன்னு இருக்கும், இவளோடது நீலம் பாஞ்சு கிடக்கும்.

போகப் போக ஷெட்டுக்கு வர்றவங்க எல்லாம் அண்ணி டேபிள்ல நிக்க ஆரம்பிச்சாங்க. "யாரும்மா போட்டது இது? தையல் மாதிரி இருக்கே!" அண்ணி வெக்கப்பட்டு, "தைக்கறவதாங்க நான்"னுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. குதிரையும் சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே உள்ள எங்கயோ ஒரு முள்ளு குத்தும். இதக் கண்டுபிடிச்சது நானு, பஸ் ஸ்டாப்புல நின்னது நானு, துணைக்கு வந்தவங்களுக்கு கை தட்டா? அப்புறம் உடனே, சே, என்ன நினைப்பு இதுன்னு தலையில தட்டிக்குவா. ரெண்டும் நடக்கும். தினம் நடக்கும்.

அப்பதான் பால் ஃபேக்டரில இருந்து ஆள் எடுக்க வர்றாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு. பால் ஓடற பைப்பு எல்லாம் எவர்சில்வர், உள்ள ஒரு புள்ளி ஓட்டை இருந்தாலும் பால் கெட்டுரும், அதனால கை சுத்தமா இருக்கறவங்கதான் வேணும். பைப்புத் துண்டு ரெண்டக் குடுப்பாங்க, சேத்துக் காட்டணும். அண்ணியும் நாத்தனாரும் ஒரே டேபிள்.

"ரெண்டு பேருக்கும் கிடைச்சா ஒண்ணா போய்ட்டு ஒண்ணா வரலாம்"னு அண்ணி சொன்னாங்க. சீட் கவர் மெஷினப் பாத்துக்கிட்டே. "எனக்குன்னு ஒரு வேலை. நினைச்சே பாக்கலடி நானு."

லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம். மூட வேண்டிய முறை குதிரையோடது. வெளிய அண்ணன் வண்டி ஹாரன் அடிக்கறான், விடாம அடிக்கறான். இவ மெஷின அணைச்சா, டார்ச்ச மாட்டுனா, கையுறைய வீசுனா, ஓடுனா. சிலிண்டர் தலையில இருக்கற வால்வு? தொடவே இல்ல. அந்த டேபிள் ஹோஸ்ல லேசா ஒரு கசிவு இருக்கு, சோப்புத் தண்ணி தடவுனா குட்டி குட்டியா முட்டை விடும். எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் வால்வ மூடறது.

லீவு முடிஞ்சு டெஸ்டு அன்னிக்கு காலையில முதல் ஆளா போய் வால்வத் திறக்கப் பாத்தா, அது திறந்தே இருக்கு. கேஸ் எவ்ளோ மிச்சம்னு காட்டற மீட்டர் முள்ளு அடியில, பூஜ்யத்த உரசிக்கிட்டு நிக்குது.

மாத்து சிலிண்டர் எல்லாம் கூண்டுக்குள்ள, சாவி மாஸ்டர் இடுப்புல. சாவி கேட்டா ஏன்னு கேப்பாரு. சொன்னா ரூலு. இன்னிக்கு டார்ச்சத் தொட முடியாது. இன்னிக்கு!

குதிரை அங்கயே நின்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டா. கொஞ்சம் இருக்கு. கம்மியா வச்சு ஓட்டுனா ரெண்டு பேருக்கும் போதும். போதும்ல? போதும்.

அண்ணி வந்து டப்பாவத் திறந்து டங்ஸ்டனை அசிட்டோன் துணியால துடைச்சுட்டிருந்தாங்க. லிஸ்ட்ல அவங்கதான் முதல்ல.

"அண்ணி, நான் முதல்ல போறேனே. எனக்கு பதட்டமா இருக்கு, நேரம் ஆக ஆக கை வேற மாதிரி ஆயிரும்."

"போடி, அதுக்கென்ன. பதட்டப்படாத. குண்டைக் கீழ வை"ன்னு இடம் விட்டுக் குடுத்தாங்க.

இந்த எடத்துலதான் விஷயமே இருக்கு. போதும்னு நிஜமாவே நம்பியிருந்தா எதுக்கு முதல்ல போகணும்? அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டா.

ஹெல்மெட்ட இறக்குனா, பெடல மிதிச்சா, தீ வந்ததும் எல்லாம் மறந்து போச்சு. குண்டு எங்க இருந்துச்சு தெரியுமா? உச்சில. பழக்கம். பாதி ஓட்டுனப்புறம்தான் கேஸ் புஸ்ஸுன்னு அடிக்கற சத்தத்துல அது உறைச்சுச்சு, உறைச்சும் கீழ இறக்கல, நடுவுல கைய எடுத்தா வரி கெட்டுரும்னு. அவ வாழ்க்கையிலயே நல்லா போட்ட வரி அது. ஃபேக்டரில இருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா டார்ச் லைட்ட வச்சு பைப்புக்குள்ள பாத்துட்டு, "ம்"னாங்க. நல்ல ம்.

அடுத்தது அண்ணி. உக்காந்தாங்க, மூச்ச இழுத்து விட்டாங்க, தீய எழுப்புனாங்க. ஆரம்பம் அவ்ளோ அழகு. மாஸ்டரும் இன்ஸ்பெக்டர் அம்மாவும் அதுக்குள்ள கண்ணாடி டேபிளுக்கு நகந்துட்டாங்க. குதிரை மட்டும் குழாயப் பாத்துட்டு நிக்கறா. குண்டு ஆடுது. ஒரு தடவை எம்புது. அப்புறம் கீழ விழுந்துச்சு.

நிறுத்துங்க அண்ணின்னு ஒரு வார்த்தை. வாய் திறந்துச்சு, வரல. தீ சடசடன்னு பொரியுது, பச்சையும் மஞ்சளுமா புகை வருது. அண்ணி பதறி கைய எடுத்துட்டு ஹெல்மெட்டத் தூக்குனாங்க. பைப்புல பாதி வெள்ளி, பாதி கரி. கரி எல்லாம் பொத்தல்.

அந்த நேரத்துல, ஒரே ஒரு இமை மூடித் திறக்கற நேரத்துல, குதிரைக்குள்ள ஏதோ ஒண்ணு லேசாச்சு. அப்பாடான்னு. அத அவ அப்புறம் எத்தனையோ தடவை இல்லன்னு சொல்லிப் பாத்தா. இருந்துச்சு.

"தொட்டுட்டேன் போல மாஸ்டர்"னு அண்ணி அவங்களாவே சொன்னாங்க. "கை... கை தாழ்ந்துருச்சு போல."

மாஸ்டர் தூரத்துல இருந்தே பைப்பப் பாத்துட்டு உச்சு கொட்டுனாரு. "நீங்களாம்மா? நம்பவே முடியல. டெஸ்டு பயம்." இன்ஸ்பெக்டர் அம்மா தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாங்க. குதிரை வால்வ மூடுனா. இந்தத் தடவை கரெக்டா மூடுனா. சாயங்காலம் காலி சிலிண்டரோட சிலிண்டரா அதுவும் கேஸ் வண்டியில ஏறிப் போயிருச்சு.

பஸ்ல ஜன்னல் ஓரம் அண்ணி. பாதி வழியில திரும்பி, சாதாரணமா, "கேஸ் இருந்துச்சுல்ல?"ன்னாங்க.

"இருந்துச்சு அண்ணி."

எவ்ளோ வேகமா வந்துச்சு அந்தப் பதிலு. குதிரைல்ல!

"அப்ப சரி"ன்னு அண்ணி வெளிய பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

குதிரைக்கும் கண்ணாடிக்கும் வேலை கிடைச்சுச்சு. அண்ணன் கேக் வாங்கிட்டு வந்தான், "குதிரைக்கு லாயம் கிடைச்சுருச்சு!"ன்னு கத்திக்கிட்டே வெட்டுனான். அண்ணி தன்னோட கையுறைய மடிச்சுக் கொண்டு வந்து இவ மடியில வச்சாங்க. டங்ஸ்டன் டப்பாவையும். "நீ வச்சுக்க. வேலைக்குப் போறவளுக்குத்தான் வேணும்." குதிரை கேக்க தட்டுலயே வச்சுட்டா.

இதோட முடிஞ்சிருந்தா குதிரை எப்படியாவது மறந்து தொலைச்சிருப்பா, அவ அப்படித்தான். ஆனா முடியல. அடுத்தடுத்த நாள்ல அண்ணி தண்ணி டம்ளர தளும்பத் தளும்ப ஊத்தி, கையில ஏந்திக்கிட்டு ஹால்ல இருந்து சமையலறைக்கு நடக்கறாங்க. தரைய குனிஞ்சு பாக்கறாங்க, சொட்டு விழுந்திருக்கான்னு. திரும்ப நடக்கறாங்க. ஊசியில நூல் கோக்கறாங்க, உருவறாங்க, மறுபடி கோக்கறாங்க.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"சும்மா." அப்புறம் கைய நீட்டி விரல விரிச்சாங்க. "நடுங்குதாடி? நல்லா பாத்து சொல்லு."

"இல்ல அண்ணி."

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சாம். முதல்ல யாருக்கும் தெரியாதாம். ஒரு நாள் காபி டம்ளர் கீழ விழுந்துச்சாம். அப்புறம் சட்டை பட்டன் போட முடியல. கடைசியில சாப்பாட்டையே நாங்கதான்..." நிறுத்திக்கிட்டாங்க. "அந்த பைப்புல கை தாழ்ந்ததே எனக்குத் தெரியலடி. அதான் பயமா இருக்கு. தாழ்ந்தா தெரியணும்ல?"

சீட் கவர் மெஷின்ல துணி அப்படியே கிடந்துச்சு. கோணலாயிடுமோன்னு பயந்து தொடறதே இல்ல. அண்ணன் கூட நக்கல விட்டுட்டான். ஒரு நாள் சாயங்காலம் தங்கச்சிய தனியாக் கூப்பிட்டு, "நாளைக்கு காலையில அவள நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீ ஏதாவது கவனிச்சியா, கை ஆடுதா?"ன்னான். அவன் முகத்த அவ அப்படிப் பாத்ததே இல்ல.

குதிரை ரூமுக்குப் போய் டப்பாவத் திறந்தா. ஒரு அறையில எல்லா முனையும் ஒரே பக்கம் பாத்துத் தூங்குது. இன்னொரு அறையில ஒத்தையா ஒண்ணு. டெஸ்டு அன்னிக்கு ஓட்டுனது. எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா. முனை தேஞ்சு மொட்டையாகி, உடம்பு பூரா கருநீலம், விரல்ல மஞ்சளா பொடி ஒட்டுது. வெள்ளி உருண்டை இல்ல. கோணல் மூக்கு இல்ல. அண்ணி கை குழம்பத் தொடவே இல்ல. கேஸ் இல்லாம வெந்து போன டங்ஸ்டன் அது, ஷெட்டுல சேந்த முதல் வாரத்து ஆளு கூட பாத்ததும் சொல்லிருவான். அண்ணி இத தூக்கிப் போடாம, சீவாம, எடுத்து வச்சிருக்காங்க.

காலையில அண்ணி டாக்டர்கிட்ட போறதுக்கு தலை சீவிட்டு நிக்கறப்ப, குதிரை சமையலறை வாசல மறிச்சு நின்னா. கையில இருந்த டங்ஸ்டனைத்தான் நீட்டுனா.

"கேஸ் இல்ல அண்ணி."

"என்னது?"

"அன்னிக்கு. கேஸ் இல்ல. லீவுக்கு முன்னாடி நான் வால்வ மூடல. காலையிலயே பாத்துட்டேன், முள்ளு அடியில நின்னுச்சு. சொன்னா மாஸ்டர் விடமாட்டாருன்னு... அதான் முதல்ல போறேன்னு கேட்டேன். குண்டு விழுந்ததையும் பாத்தேன். உங்க கை தாழல. கைக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, டாக்டர்லாம் வேணாம், உங்க கைக்கு ஒண்ணுமே இல்ல."

அண்ணி சீப்ப மெதுவா அலமாரியில வச்சாங்க. அடிப்பாங்கன்னு நினைச்சா. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"முனையில உருண்டை இல்லன்னு நான் அன்னிக்கே பாத்தேன்"னாங்க. "கேஸா இருக்குமோன்னு தோணுச்சு. அதனாலதான் பஸ்ல உன்கிட்ட கேட்டேன். நீ இருந்துச்சுன்ன. அப்ப எனக்குத்தான் எதுவோ புரியல, என் கைதான்னு முடிவு பண்ணிட்டேன்." குரல் ஏறவே இல்ல. "உன்ன நம்பிட்டு என் கைய சந்தேகப்பட்டேன்டி."

"அண்ணி..."

"வால்வு மூட மறக்கறது யாருக்கும் நடக்கும். நான் தண்ணி டம்ளர தூக்கிட்டு நடந்தப்ப பாத்துட்டிருந்தல்ல? அப்ப கூட சொல்லணும்னு தோணலயா?"

கூடத்துல அண்ணன் வண்டி சாவியோட நிக்கறான், எல்லாம் கேட்டுட்டான். அவன் வாயத் திறக்கறதுக்குள்ள அண்ணி சொன்னாங்க, "வண்டிய எடுங்க. டாக்டர்கிட்ட இல்ல, ஷெட்டுக்கு. இவ மாஸ்டர்கிட்ட சொல்லட்டும். என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?"

வழி முழுக்க அண்ணன் ஹாரன் கூட அடிக்கல.

மாஸ்டர் கேட்டு முடிச்சுட்டு ரொம்ப நேரம் அந்த டங்ஸ்டனையே உருட்டிப் பாத்துட்டிருந்தாரு. இவள திட்டுவாருன்னு பாத்தா, முகம் வேற மாதிரி போச்சு. "கழட்டி முனையப் பாருன்னு தினம் உங்களுக்கு கத்தறேன். அன்னிக்கு நான் பாக்கல. இந்தம்மா தொட்டுட்டேன்னு சொன்னாங்க, நான் சரின்னுட்டேன்." அப்புறம்தான் குதிரை பக்கம் திரும்புனாரு. "உனக்கு ரூலு தெரியும்."

"தெரியும் மாஸ்டர்."

"நான் ஃபேக்டரிக்கு போன் பண்ணுவேன். முழுசா சொல்லுவேன். பாதிய மறைக்க மாட்டேன்."

"சொல்லுங்க மாஸ்டர்."

பஸ் ஸ்டாப்புல பாத்த அந்தத் தங்க வரி, அதுக்காக ஓடுன ஓட்டம், எல்லாம் அந்த போன்லயே போயிடும்னு தெரியும். போயிருச்சு. வால்வ மூடாதவங்களக் காட்டிலும், மூடலன்னு சொல்லாதவங்கள என் பைப்புகிட்ட விட எனக்கு பயம்னு இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னாங்களாம். இப்ப வேணாம், அடுத்த தடவை ஆள் எடுக்கறப்ப வரட்டும், பாக்கலாம்னு. ஆனா அண்ணிக்கு திரும்ப டெஸ்டு வைக்க அவங்களே வர்றேன்னாங்க.

வந்தாங்க. அதே டேபிள், புது சிலிண்டர், ஹோஸும் மாத்தியாச்சு. குதிரை ஷெட்டுக்கு வெளிய நின்னா, உள்ள வர மூஞ்சி இல்ல. கண்ணாடி கூட அவளப் பாத்து எதுவும் கேலி பண்ணல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"மாஸ்டர், அவள உள்ள வரச் சொல்லுங்க"ன்னு அண்ணி குரல் கேட்டுச்சு. "சிலிண்டர்கிட்ட அவ நிக்கட்டும்."

மாஸ்டர் தயங்குனாரு. "அவளா?"

"அவதான். முள்ளப் பாத்துட்டே நிக்கட்டும்."

மன்னிச்சுட்டாங்களான்னு குதிரைக்குத் தெரியல. அண்ணி முகத்தப் பாத்தா அப்படி ஒண்ணும் தெரியல. ஆனா ஓடி வந்து சிலிண்டர் பக்கத்துல நின்னா. வால்வத் திறந்தா. முள்ளு ஏறுச்சு. குண்ட உச்சிக்கு ஏத்தல, அண்ணி எப்பவும் வைக்கற எடத்துல மிதக்க விட்டா. அண்ணி எட்டி ஒரு தடவை அதப் பாத்துக்கிட்டாங்க, அவங்க பாக்கறத இவளும் பாத்தா. இனிமே கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.

தீ எழுந்துச்சு. இவ பாக்கவே இல்ல. எப்பவும் ஹெல்மெட்ட இறக்கிட்டு முதல் ஆளா எட்டிப் பாக்கறவ, இப்ப தீக்கு முதுகு காட்டிக்கிட்டு மீட்டரையே வெறிச்சுட்டு நிக்கறா. முள்ளு, குண்டு, முள்ளு, குண்டு. காதுல கேஸ் வர்ற சத்தம் மட்டும். பின்னாடி இருந்து ஒரே சீரா வெளிச்சம் தகரத்துல விழுது, ஒரு இடத்துலயும் துடிக்கல. அப்புறம் வெளிச்சம் போச்சு.

கேஸ் சத்தம் நிக்கல. அண்ணி கை அங்கயேதான் இருக்கும்னு இவளுக்குத் தெரியும். ஆறட்டும்னு வச்சிருப்பாங்க. குதிரையும் அசையல.

சத்தம் அடங்குச்சு.

இன்ஸ்பெக்டர் அம்மா பைப்ப உள்ள பாத்தாங்க, வெளிய பாத்தாங்க, விரலால ஒரு சுத்து தடவுனாங்க. "எப்ப வந்து சேருவீங்க?"ன்னாங்க.

அண்ணி கையுறையக் கழட்டி, விரல விரிச்சு, குதிரை மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க.

"நடுங்குதா?"

"இல்ல அண்ணி."

அதே பதிலுதான். அண்ணி அவ கண்ணையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் கையுறைய சுருட்டி பையில வச்சுக்கிட்டாங்க. டப்பாவையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து கேட்டு வரைக்கும் நடந்தாச்சு. அண்ணன் வண்டிய எடுக்கப் போயிருந்தான். குதிரை திடீர்னு நின்னுட்டா.

"என்னடி?"

"வால்வு."

"மூடினியே. நான் பாத்தேன்."

"மூடினேன். இருந்தாலும்..."

அண்ணன் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டான். அண்ணி அவன் பக்கம் திரும்பி, இருங்கன்னு கையக் காட்டுனாங்க. கேட்டுல சாஞ்சு நின்னுக்கிட்டாங்க.

"போய்ப் பாத்துட்டு வா. நான் நிக்கறேன்."

குதிரை போனா. ஓடல, நடந்தே போனா. வால்வு மூடித்தான் இருந்துச்சு. இன்னும் ஒரு தடவை இறுக்கிப் பாத்துட்டு, கைய உடனே எடுக்காம அங்கயே நின்னா.